சிந்து மண்ணின் கல்லும் பாட்டும்

நுழையும்முன்

ஒரு நிலத்தின் வரலாற்றை ஏடுகள் மட்டுமே உரைப்பதில்லை, கட்டடங்களும் உரைக்கின்றன. ஆண்டோர் கோட்டை எழுப்பினர். மாண்டோர் நினைவுக்குக் கல்லறைகள் எழுந்தன. ஞானியர் அடங்கிய இடங்களில் மக்கள் கூடினர். இம்மூன்றும் நிறைந்த நிலம், பாகிஸ்தானின் தென்பகுதியில் உள்ள சிந்து மாகாணம். அங்கே காலத்தை வென்று நிற்பது எது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மக்லிக் குன்றின் கல்லறைகள்

சிந்து ஆற்றின் கழிமுகப் பகுதியில் தட்டா என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. ஒரு காலத்தில் அது சிந்துவின் தலைநகராகவும் வணிக நகராகவும் செழித்திருந்தது. அதனை அடுத்த மக்லிக் குன்றில், சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் கல்லறைகள் பரந்து கிடக்கின்றன. அரசர், படைத்தலைவர், அறிஞர், எளியோர் என 14 முதல் 18ஆம் நூற்றாண்டுவரை வாழ்ந்து மறைந்த பலதரத்தினரும் இங்கே துயில்கின்றனர். கல்லறைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்து இலட்சம் என மதிப்பிடப்படுகிறது.

சம்மா மரபின் புகழ்பெற்ற அரசர் ஜாம் நிஜாமுதீனின் கல்லறை மணற்கல்லால் ஆன சதுர வடிவக் கட்டடம். அதன் சுவர்களில் தாமரை வடிவங்களும் அரபு எழுத்து வரிகளும் செதுக்கப்பட்டுள்ளன. வெளியே நீண்டு நிற்கும் மாடம் குசராத்துக் கோயிற்கலையை நினைவூட்டுகிறது. பிற்காலக் கல்லறைகள் சில செங்கல்லால் கட்டப்பட்டு, நீலமும் வெண்மையும் கலந்த மெருகோடுகளால் அணிசெய்யப்பட்டன. இசுலாமியக் கலையும் இந்தியச் சிற்பமரபும் ஒன்றையொன்று தழுவி வளர்ந்தமைக்கு மக்லி சிறந்த சான்று. 1981ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆறு தன் போக்கை மாற்றியதும் தட்டாவின் வணிகம் தளர்ந்தது. இன்று உப்புக்காற்றும் மழையும் மக்லியின் கற்களை அரிக்கின்றன. 2010ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் வீடிழந்த மக்கள் இக்குன்றில்தான் தஞ்சம் புகுந்தனர். இறந்தோருக்காக அமைந்த மேட்டுநிலம் அன்று இருப்போருக்கு அடைக்கலம் தந்தது.

கோட்டைகள்

சிந்துவின் கோட்டைகளுள் அளவிற் பெரியது ரானிகோட். கீர்தர் மலைத்தொடரில் 25 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இதன் மதிலை முதலில் எழுப்பியவர் யார் என்பதில் வரலாற்றாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

கல்ஹோரா மரபின் குலாம் ஷா 1768ஆம் ஆண்டு, சிந்துவிலுள்ள ஐதராபாத்தில் செங்கற்கோட்டை ஒன்றைக் கட்டினார். அவருக்குப்பின் தால்பூர் மரபினர் அங்கிருந்து ஆண்டனர். 1843ஆம் ஆண்டு மியானிப் போரில் சார்லஸ் நேப்பியர் தலைமையிலான ஆங்கிலப்படை தால்பூரினரை வென்றது. கோட்டை கைமாறியது; இன்று அதனுள் குடியிருப்புகள் நெருங்கியுள்ளன.

தார்ப் பாலையின் விளிம்பில் உள்ளது உமர்கோட். நாடிழந்து அலைந்த உமாயூனுக்கு இவ்வூரின் அரசர் அடைக்கலம் தந்தபோது, 1542ஆம் ஆண்டு, அக்பர் இங்கே பிறந்தார். ஆயினும் சிந்து மக்கள் உமர்கோட் என்றதும் நினைப்பது மாருவி என்னும் சிற்றூர்ப் பெண்ணையே. உமர் என்னும் அரசன் அவளைக் கவர்ந்துவந்து கோட்டையில் சிறைவைத்தான். பட்டும் பொன்னும் தருவதாகக் கூறினான். அவளோ அவற்றை மறுத்து, தன் ஊரையும் உறவையுமே எண்ணி ஏங்கினாள். இறுதியில் அரசன் அவளை விடுவித்தான் என்கிறது கதை.

தர்காக்கள்

இக்கதைக்குக் கவிதையில் அழியா வாழ்வு தந்தவர் சூஃபிக் கவிஞர் ஷா அப்துல் லத்தீப். இவர் 1752ஆம் ஆண்டு மறைந்தார். பிட் ஷா என்னும் ஊரில் இவரது அடக்கத்தலத்தை எழுப்பியவரும், ஐதராபாத் கோட்டையைக் கட்டிய குலாம் ஷாவே. அங்கே பக்கிர்கள் தம்பூரை மீட்டி, அவர்தம் பாடல்களை இரவுதோறும் இசைக்கின்றனர். மாருவியின் ஏக்கமும் அவற்றுள் ஒலிக்கிறது.

செஹ்வானில் உள்ளது, 1274ஆம் ஆண்டு மறைந்த லால் ஷாபாஸ் கலந்தரின் தர்கா. மாலைதோறும் முரசு முழங்க, அடியார்கள் 'தமால்' என்னும் ஆடலில் ஈடுபடுகின்றனர். இசுலாமியரேயன்றி இந்துக்களும் இங்கே வந்து வணங்குகின்றனர். 2017 பிப்ரவரி 16 அன்று இத்தர்காவில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் 80க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறுநாள் அதிகாலையில் தர்காவின் மணி வழக்கம்போல் ஒலிக்கப்பட்டது.

காலம் காட்டும் பாடம்

ஒரே அரசர் எழுப்பிய இரு கட்டடங்களுள் கோட்டை 75 ஆண்டுகளில் பகைவர் வசமாயிற்று. தர்காவிலோ பாட்டு இன்றும் தொடர்கிறது. மதிலின் வலிமை காவற்படையைச் சார்ந்தது. தர்காவின் வலிமை, அதனைத் தமதெனக் கருதும் மக்களைச் சார்ந்தது. மக்லியின் சிற்பங்கள் நாளை நிலைப்பதும் அத்தகைய உரிமை உணர்வையே பொறுத்தது.

தெரியுமா?

கோட் டிஜி என்னுமிடத்தில் தால்பூர் மரபினரின் மலைக்கோட்டை உள்ளது. அதனருகே நிகழ்ந்த அகழாய்வில், சிந்துவெளி நகரங்கள் முழுவளர்ச்சி பெறுவதற்கு முற்பட்ட குடியிருப்பின் தடயங்கள் கிடைத்தன.

கற்பவை கற்றபின்

1. மாருவியின் கதையை நாடகமாக்கி வகுப்பறையில் நடித்துக் காட்டுக.
2. உங்கள் ஊரிலுள்ள பழைய கட்டடம் ஒன்றின் இன்றைய நிலையைக் கண்டறிந்து, அதனைக் காக்கும் வழிகளைத் தொகுத்து எழுதுக.