நீரிழிவும் அட்ரீனல் சுரப்பியும்: சுரப்பி பருத்தால் என்ன பொருள்?



அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதம் வழங்கிக்கொண்டிருந்தபோது, நம் அன்பர்களுள் ஒரு அம்மா எங்களிடம் ஒரு தாளை நீட்டினார். வயிற்றுவலிக்காக மருத்துவமனைக்குப் போன இடத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். பித்தப்பையில் கல் என்று தெரிந்து, அதற்குச் சிகிச்சை நடக்கிறது. ஆனால் அறிக்கையின் கடைசியில், "இடப்பக்க அட்ரீனல் சுரப்பி சற்றுப் பருத்துள்ளது" என்று ஒரு வரி இருந்தது. மகன் அதைப் படித்துச் சொன்ன நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

"இது புற்றுநோயா தம்பி? எனக்குப் பன்னிரண்டு வருஷமா சீனி வருத்தமும் இருக்கு. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ?" என்று கேட்டார்.

முதல் கேள்விக்கு அவருடைய டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்வியோ நம்மில் பல குடும்பங்களுக்கு உரியது. நீரிழிவு இல்லாத தமிழ்க் குடும்பம் ஆக்லாந்தில் எத்தனை? ஆகவே அதையே இந்த இதழின் உடல்நலப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

சுரப்பி எங்கே இருக்கிறது?

நம் இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல ஒவ்வொரு சிறு சுரப்பி இருக்கிறது. அதுவே அட்ரீனல் சுரப்பி. ஒன்றின் எடை 4 அல்லது 5 கிராம்தான். அதன் உட்பகுதி, திடீர் அச்சத்தின்போது நெஞ்சைப் படபடக்கச் செய்யும் அட்ரீனலினைச் சுரக்கிறது. வெளிப்பகுதி சுரக்கும் பலவற்றுள் முக்கியமானது கார்ட்டிசோல் என்னும் ஹார்மோன். நம் பாடத்தின் நாயகன் இவரே.

கார்ட்டிசோல் கெட்டதன்று. அது இல்லாவிட்டால் உயிர் வாழ முடியாது. இச்சுரப்பிகள் பழுதானால் உடல் மெலிந்து, சோர்ந்து, உயிருக்கே ஆபத்து நேர்கிறது என்பதை இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-ல் எழுதினார். அளவு மிஞ்சினாலும் கேடுதான். முகம் உருண்டு, வயிறு பருத்து, கைகால் தசை மெலிந்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும் நோயை அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் 1932-ல் விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

கார்ட்டிசோல் சர்க்கரையை எப்படி ஏற்றுகிறது? மூன்று வழிகளில். கல்லீரலைப் புதிதாகச் சர்க்கரை செய்யச் சொல்கிறது. இன்சுலின் சொல்லைத் தசைகள் கேட்காதபடி செய்கிறது. கொழுப்பை வயிற்றுக்குள் சேர்க்கிறது. 1936-ல் லாங், லூக்கன்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கணையம் நீக்கப்பட்டு நீரிழிவு கண்ட பூனைகளின் அட்ரீனல் சுரப்பிகளையும் நீக்கிப் பார்த்தார்கள். நீரிழிவின் கடுமை குறைந்தது. நோய்க்குக் கணையம் மட்டும் பொறுப்பில்லை என்பது அன்றே தெளிவாயிற்று.

அளவு ஏன் மாறுகிறது?

திருவிழாக் காலத்தில் நம் கோயில் சமையலறையை நினைத்துப் பாருங்கள். வழக்கமான நாளில் இரண்டு அடுப்புப் போதும். அன்னதானத்துக்குக் கூட்டம் பெருகினால் கூடுதல் அடுப்பு வைக்கிறோம், வெளியே கூடாரமும் போடுகிறோம். அட்ரீனல் சுரப்பியும் அப்படியே. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, "இன்னும் கார்ட்டிசோல் வேண்டும்" என்று நெடுநாள் ஆணை அனுப்பிக்கொண்டே இருந்தால், அட்ரீனலின் வெளிப்பகுதி தடிக்கிறது. ஆணை குறைந்தால் சுருங்குகிறது.

இதற்கு நல்ல சான்று 1995-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. கடும் மனச்சோர்வு நோய் உள்ளவர்களின் அட்ரீனல் சுரப்பிகள், அந்நோய் இல்லாதவர்களுடையதைவிடச் சுமார் 70 சதவீதம் பெரிதாக இருந்தன. சிகிச்சையால் மனம் தேறியபின் அவை பழைய அளவுக்குத் திரும்பின. பருத்தது சுருங்கவும் கூடும் என்பதைக் கவனியுங்கள்.

நீரிழிவிலும் இது காணப்பட்டுள்ளது. இரண்டாம் வகை நீரிழிவும் உடற்பருமனும் உள்ள பெண்களின் சுரப்பிகள் பெரிதாக இருப்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2006-ல் ஸ்கேன் மூலம் காட்டினார்கள். ஆனால் எது முதல், எது பின்? கார்ட்டிசோல் கூடினால் சர்க்கரையும் வயிற்றுக் கொழுப்பும் ஏறுகின்றன. கட்டுப்படாத சர்க்கரையோ, உடலுக்கு ஓயாத நெருக்கடியாகி, மறுபடி கார்ட்டிசோலைக் கூட்டுகிறது. செக்கு மாடுபோல ஒரே வட்டத்தில் சுற்றும் கதை இது. ஆகவே பருத்த சுரப்பியை நோயின் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. உடல் நெடுநாள் சுமந்த பாரத்துக்கு அது ஒரு சாட்சி.

மைசூரில் கண்டது

இது வெள்ளைக்காரர் சங்கதி, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்து வீடான மைசூரில், ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனை 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடையைக் குறித்து வைத்திருந்தது. அக்குழந்தைகள் வளர்ந்து நடுவயதை எட்டியபின், சுமார் 500 பேரின் காலைக் கார்ட்டிசோலை அளந்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். கார்ட்டிசோல் கூடியவர்களிடம் இரத்த அழுத்தமும், வெறும் வயிற்றுச் சர்க்கரையும், இன்சுலின் வேலை செய்யாத தன்மையும் கூடியிருந்தன. உடல் பருத்தவர்களிடம் இத்தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. தென்னிந்திய உடலில் கார்ட்டிசோலும் தொந்தியும் சேர்ந்தால் கேடு பெருகும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் எச்சரிக்கை.

2025-ல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வும் அறியத்தக்கது. பல மருந்துகள் எடுத்தும் சர்க்கரை அடங்காத 1,057 பேரைப் பரிசோதித்ததில், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கார்ட்டிசோல் மிகுந்திருந்தது. அவர்களுள் சுமார் மூன்றில் ஒருவரின் ஸ்கேனில் அட்ரீனல் சுரப்பி மாறுபட்டுத் தெரிந்தது. "மாத்திரை ஒழுங்காகப் போடுவதில்லை, இனிப்பைத் திருடித் தின்கிறார்" என்று நாம் வீட்டில் குற்றம் சொல்லும் சிலருக்கு, உண்மையில் இக்காரணம் இருக்கலாம். அப்பாவையும் மாமியையும் ஏசுமுன் ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம்.

மாத்திரையால் சுருங்கும் சுரப்பி

மறுபக்கமும் உண்டு. ஆஸ்துமா, மூட்டுவாதம் முதலியவற்றுக்குத் தரும் ப்ரெட்னிசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் கார்ட்டிசோலின் வேலையைச் செய்பவை. அவற்றால் சர்க்கரை ஏறும். வாரக்கணக்கில் எடுத்தால், "வெளியிலிருந்து வருகிறதே" என்று நம் சுரப்பி வேலையை நிறுத்திச் சுருங்கிவிடும். அந்நிலையில் மாத்திரையைச் சட்டென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. சர்க்கரை ஏறுகிறது என்று நாமாகவே நிறுத்தாமல், டாக்டர் சொன்னபடி படிப்படியாகவே குறைக்க வேண்டும். ஊரிலிருந்து வரும் பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அவற்றை உண்பவர்கள் டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

1. ஸ்கேன் அறிக்கையில் "அட்ரீனல்" என்ற சொல்லைக் கண்டால் அஞ்ச வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். வேறு காரணத்துக்காக எடுக்கும் ஸ்கேனில் இத்தகைய கட்டியோ பருமனோ தெரிவது அரிதன்று. வயது ஏற ஏற அது கூடும். பெரும்பாலானவை தீங்கற்றவை. "கார்ட்டிசோல் பரிசோதனை தேவையா?" என்று குடும்ப டாக்டரிடம் கேளுங்கள். இரவு 11 மணியளவில் ஒரு மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் மாத்திரை போட்டு, மறுநாள் காலை இரத்தம் கொடுப்பதே அச்சோதனை. கார்ட்டிசோல் 50 நானோமோலுக்கு மேல் அடங்காமல் நின்றால் மேற்கொண்டு ஆராய்வார்கள்.

2. சுரப்பியை வீட்டில் அளக்க முடியாது, இடுப்பை அளக்கலாம். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே எல்லை.

3. நியூசிலாந்தில் எச்பிஏ1சி அளவு 50 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. 41 முதல் 49 வரை அதற்கு முந்திய நிலை. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரும் அறிக்கையில் 6.7 சதவீதம் என்றிருந்தால் அதுவே இங்கே 50.

4. தெற்காசியரான நமக்கு இதய நோய் அபாயக் கணிப்பை ஆண்களுக்கு 30 வயதிலும் பெண்களுக்கு 40 வயதிலும் தொடங்க வேண்டும் என்று 2018-ல் நியூசிலாந்து சுகாதார அமைச்சு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மற்றவர்களைவிட 15 ஆண்டுகள் முந்தி! "எனக்கு என்ன வயதாகிவிட்டது" என்று சொல்லும் தம்பிமார் கவனிக்க.

5. கார்ட்டிசோல் காலையில் உச்சத்திலும் நள்ளிரவில் அடியிலும் இருக்க வேண்டியது. இரவு வேலையும் தூக்கக் குறைவும் இத்தாளத்தைக் கெடுக்கின்றன. டாக்சி ஓட்டும், தொழிற்சாலையில் இரவு முறை பார்க்கும் அன்பர்கள் பகல் தூக்கத்தை வீட்டார் கெடுக்காதபடி காக்க வேண்டும். ஞாயிறு மாலைகளில் கோர்ன்வால் பூங்காவில் குடும்பமாக நடப்பது சர்க்கரைக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது.

அந்த அம்மாவின் செய்தியையும் சொல்லிவிடுகிறோம். டாக்டர் சோதனை செய்து பார்த்தார். கார்ட்டிசோல் அளவோடுதான் இருக்கிறது, புற்றுநோய்க்கு அறிகுறியும் இல்லை. "பயம் போச்சு. ஆனா இடுப்பு 96 எண்டு நர்ஸ் எழுதிப்போட்டா" என்று சிரித்தார். இப்போது பிரசாதப் பொங்கலில் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறார். மகனும் மாலையில் அவரோடு நடக்கப் போகிறார்.

இளைஞர் வகுப்புக்குக் கேள்விகள்

1. கார்ட்டிசோல் எந்த மூன்று வழிகளில் சர்க்கரையை ஏற்றுகிறது?
2. அட்ரீனல் சுரப்பி பருப்பதற்கு ஒரு காரணமும், சுருங்குவதற்கு ஒரு காரணமும் கூறுக.
3. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் இடுப்பை, அவர்கள் அனுமதியோடு, அளந்து வருக.