இரத்தம் ஏறும் வேளையில் நர்ஸ் எத்தனை முறை பார்க்க வேண்டும்?



இரத்த தானம் செய்கிறவர்களும் மருத்துவமனைக்குக் காணிக்கை அனுப்புகிறவர்களும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “இரத்தம் கிடைத்துவிட்டது; சோதித்தும் ஆகிவிட்டது; ஊசியும் குத்தியாகிவிட்டது. இனி அது தானாக இறங்கப்போகிறது. அதற்கு ஏன் ஒரு நர்ஸ் திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும்?” நியாயமான கேள்விதான். பயிற்சிக்கு வரும் மாணவியரும் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள்: “சிஸ்டர், எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்?” இரண்டுக்கும் விடை ஒன்றேயாகையால், அதையே இந்த இதழின் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. லண்டனைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டல் 1818இல் ஒரு மனிதரின் இரத்தத்தை இன்னொரு மனிதருக்கு ஏற்றினார். பிரசவத்தில் இரத்தம் பெருகித் தாய்மார் சாவதைக் காணச் சகியாமல் அந்த முயற்சியில் இறங்கியவர் அவர். அவரிடம் இரத்தம் பெற்றவர்களில் சிலர் பிழைத்தனர், சிலர் இறந்தனர். ஏன் என்று அக்காலத்தில் எவருக்கும் விளங்கவில்லை. 1901இல் வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டைனர் இரத்தப் பிரிவுகளைக் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் காரணம் தெரிந்தது. அதற்காக அவருக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரிவு தெரிந்துவிட்டதே, இனி என்ன பயம் என்றால், பயத்தில் பெரும்பகுதி நீங்கியது உண்மை, முழுவதும் நீங்கவில்லை.

இன்று நம் நாட்டில் தானமாகப் பெறும் ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையின் பி, சி வகைகள், மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிக்கப்படுகிறது. பணத்துக்கு இரத்தம் விற்பதை நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்து, 1998 தொடக்கம் முதல் அது அடியோடு தடை செய்யப்பட்டது. உங்களைப் போன்ற மனமுவந்த கொடையாளர்களின் இரத்தமே இப்போது நோயாளிக்குப் போகிறது. ஆனால் இந்தச் சோதனைகளெல்லாம் பைக்குள் இருப்பதைப் பற்றியவை. அந்தப் பை எந்தக் கட்டிலுக்குப் போகிறது என்பதை எந்தச் சோதனைக் குழாயும் சொல்லாது.

பிரிவு மாறிய இரத்தம் ஏறுவது பெரும்பாலும் சோதனைச்சாலையில் நேரும் தவறால் அல்ல, ஆள் மாறிப்போவதால். நம் ஊர் வார்டுகளில் ஒரே நாளில் இரண்டு லட்சுமிகளும் மூன்று முருகன்களும் படுத்திருப்பார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சில வேளை ஒன்றாகவே இருக்கும். வயதைக் கேட்டால், “அறுபது இருக்கும்” என்பார்கள். “நீங்கதானே லட்சுமி?” என்று கேட்டால், அரைத்தூக்கத்தில் இருக்கும் எந்தப் பாட்டியும் ஆமென்று தலையை ஆட்டிவிடுவார். ஆகையால், “உங்க பேர் என்ன, வீட்டுக்காரர் பேர் என்ன?” என்று கேட்டு அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, மருத்துவமனை எண்ணை அட்டையிலும் பையிலும் இருவர் சேர்ந்து பார்க்கும்படி மாணவியருக்குக் கற்பிக்கிறோம். இதைக் கட்டிலருகே நின்று செய்ய வேண்டும். மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு வருவது செல்லாது.

இனி நிமிடக் கணக்கு. ஏற்றுவதற்கு முன்பே உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, இரத்த அழுத்தம் நான்கையும் எடுத்து எழுதுகிறோம். முந்தைய அளவு தெரியாவிட்டால் பிந்தைய மாற்றம் எப்படித் தெரியும்? ஏற்கெனவே 100 டிகிரி காய்ச்சலோடு இருப்பவருக்கு 101 ஆவதும், 98.4இல் இருந்தவருக்கு 101 ஆவதும் ஒன்றல்ல. ஒரு செல்சியஸ் டிகிரி, அதாவது பாரன்ஹீட்டில் ஏறத்தாழ இரண்டு டிகிரி ஏறினாலே நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும்.

அதன்பின் வரும் முதல் 15 நிமிடங்களே இந்தப் பாடத்தின் உயிர். பிரிவு பொருந்தாத இரத்தம் ஐந்து முதல் பத்து மில்லி உள்ளே போனாலே ஆபத்தான அறிகுறிகள் தோன்றக்கூடும். ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவான அளவு அது! ஆகையால் தொடக்கத்தில் மெதுவாக விடுகிறோம். 20 சொட்டு ஒரு மில்லி ஆகும் குழாயில் நிமிடத்துக்கு 40 சொட்டு விட்டால், 15 நிமிடத்தில் 30 மில்லிதான் போயிருக்கும். முதியோருக்கும் இருதயம் பலவீனமானவர்களுக்கும் அதையும் குறைக்கிறோம். தவறு ஏதும் நேர்ந்திருந்தால் இந்தச் சிறு அளவிலேயே வெளிப்பட்டுவிடும். உடனே நிறுத்தினால் சிறுநீரகத்தையும் உயிரையும் காப்பாற்ற வழியுண்டு. பார்க்காமல் விட்டு முழுப் பையும் இறங்கிவிட்டால் அந்த வழி மிகவும் குறுகிவிடும். அதனால்தான் இந்த 15 நிமிடங்களுக்குள் நர்ஸ் வேறு கட்டிலுக்குப் போவதில்லை. “ஏன் அந்தம்மா சும்மா நிற்கிறார்கள்?” என்று பார்வையாளர்கள் முணுமுணுப்பது எங்கள் காதிலும் விழுவதுண்டு.

15ஆம் நிமிடத்தில் நான்கு அளவுகளையும் மறுபடி எடுக்கிறோம். அதற்குப் பிறகு எத்தனை முறை என்பதில் உலகமெங்கும் ஒரே விதி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு குறைந்தது மணிக்கு ஒருமுறையும், முடிந்தவுடனும், முடிந்து நான்கு மணி நேரம் கழித்தும் பார்க்கச் சொல்கிறது. பிரிட்டன் நாட்டு வழிகாட்டியோ தொடங்குமுன், 15ஆம் நிமிடத்தில், முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் என மூன்று அளவுகளைக் கட்டாயமாக வைத்து, இடையே நோயாளியைக் கண்ணால் கவனித்துவரச் சொல்கிறது. முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை, பிறகு அரை மணிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்ட மருத்துவமனைகளும் உண்டு.

எது சரி? எங்கள் எண்ணத்தில், முதல் 15 நிமிடத்தில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை. அதன்பின் குறைந்தது மணிக்கொரு முறை. ஆனால் அந்த எண்ணிக்கையை நோயாளியின் நிலைதான் கூட்ட வேண்டும். இரவில் இரண்டே நர்ஸ்கள் இருக்கும் வார்டில் ஐந்து பேருக்கு இரத்தம் ஏறும்போது, எல்லாருக்கும் கால் மணிக்கு ஒருமுறை என்று சட்டம் போட்டால் என்ன நடக்கும்? அட்டை நிரம்பும், நோயாளியைப் பார்த்திருக்க மாட்டார்கள். மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை 20, 20, 20 என்றே எழுதியிருக்கும் அட்டைகளை அறியாத மருத்துவர் யார்? ஆகையால், காத்திருக்கக்கூடிய நோயாளிக்கு இரவில் இரத்தம் ஏற்றாமல் காலையில் ஏற்றுவதே நலம். அவசரம் என்றால் நேரம் பார்ப்பதற்கில்லை.

மணிக்கணக்கில் கவனிப்பதன் இன்னொரு காரணம், ஆபத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதே. சாதாரணக் காய்ச்சலும் குளிரும் பெரும்பாலும் பாதி இரத்தம் ஏறிய பின்பு தலைகாட்டும். இன்னொன்று, உடல் தாங்காத அளவுக்கு நீர்ப்பளு ஏறி நுரையீரலில் கோத்துக்கொள்வது. 40 கிலோ எடைகூட இல்லாத, பல மாதமாகச் சோகையில் வெளுத்துப்போன ஒரு பாட்டியின் இருதயம் ஏற்கெனவே இரட்டை வேலை செய்துகொண்டிருக்கும். அவருக்கு இரண்டு பைகளை மளமளவென்று ஏற்றினால் மூச்சுத் திணறும். பிரிட்டனில் 1996 முதல் நடந்துவரும் ‘ஷாட்’ என்ற கண்காணிப்புத் திட்டத்தின் அண்மை அறிக்கைகளில், இரத்தம் ஏற்றுவதோடு தொடர்புடைய மரணங்களின் காரணங்களில் இது முன்வரிசையில் நிற்கிறது. நம் நாட்டிலும் 2012 டிசம்பர் 10 முதல் இவ்விதக் கண்காணிப்புத் திட்டம் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு பை மட்டுமே, அதுவும் மெதுவாக. ஆனாலும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பை நான்கு மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும்; அதற்குமேல் வெளியே இருந்தால் கிருமி பெருகும். 300 மில்லி பைக்கு நான்கு மணி நேரம் என்றால் நிமிடத்துக்கு 25 சொட்டு. கையில் விநாடி முள் உள்ள கடிகாரம் இல்லாமல் இந்த வேலை நடக்காது.

இங்கே உறவினர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொட்டு மெதுவாக விழுவதைப் பார்த்து, “இது எப்போ முடியறது!” என்று குழாயின் சக்கரத்தைத் தாங்களே திருகிவிடுகிறவர்கள் உண்டு. பை சில்லென்று இருக்கிறதென்று வெந்நீரில் வைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அதிக சூடு பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து இரத்தமே நஞ்சாகிவிடும். நோயாளி நடுங்கினால் அன்போடு கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். கம்பளி போர்த்தட்டும், ஆனால் முதலில் நர்ஸைக் கூப்பிட வேண்டும். குளிர் நடுக்கம், இடுப்பு வலி, நெஞ்சு இறுக்கம், அரிப்பு, தடிப்பு, மூச்சு முட்டல், கறுத்த சிறுநீர் ஆகியவற்றை இரத்தம் தொடங்கும்போதே நோயாளிக்கும் துணையிருப்பவருக்கும் சொல்லிவைக்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக வரும் அறிகுறி ஒன்று உண்டு. “என்னமோ மாதிரி இருக்கு சிஸ்டர், படபடன்னு வருது” என்பார் நோயாளி. அதை எழுத அட்டையில் கட்டம் கிடையாது. ஆயினும் அனுபவமுள்ள நர்ஸ் அதைக் கேட்டதும் சக்கரத்தை மூடிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

கட்டிலருகே வைக்கும் மானிட்டர் வாங்க உதவலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். கட்டாயம் உதவியே. நாடியையும் ஆக்சிஜன் அளவையும் அது ஓயாமல் காட்டும். மயக்கத்திலுள்ள நோயாளிக்கு அது மிகவும் தேவை. தனக்கு வலிக்கிறதென்று அவரால் சொல்ல முடியாதல்லவா? அவரிடத்தில் இரத்த அழுத்தம் சரிவதும், காயத்திலிருந்து இரத்தம் நிற்காமல் கசிவதும் மட்டுமே எச்சரிக்கையாக இருக்கலாம். ஆனால் கருவி முதுகைத் திருப்பித் தடிப்பைப் பார்க்காது, சிறுநீர்ப் பையின் நிறத்தைப் பார்க்காது. ஒரு மானிட்டரா, இரவுப் பணிக்கு இன்னொரு நர்ஸா என்று கேட்டால், நர்ஸையே கேட்போம்.

சந்தேகம் எழுந்தால் செய்ய வேண்டியவை நேரானவை. இரத்தத்தை நிறுத்துவது; ஊசியை எடுக்காமல், புதுக் குழாயில் உப்புநீர் விட்டு நரம்பைத் திறந்துவைத்திருப்பது; மருத்துவரை அழைப்பது; பெயரையும் எண்ணையும் மறுபடி சரிபார்ப்பது. மீதமுள்ள பையைக் குப்பையில் போடாமல், நோயாளியின் புதிய இரத்த மாதிரியோடும் சிறுநீரோடும் இரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும். காரணம் அந்தப் பையில்தான் இருக்கும்.

சில வேளை காரணம் மிக அரிதானதாகவும் இருக்கலாம். 1952இல் பம்பாயில் டாக்டர் பெண்டே முதலானோர் கண்டறிந்த ‘பம்பாய் இரத்தப் பிரிவு’ அவ்வகை. மேலோட்டமான சோதனையில் ஓ பிரிவு போலவே தோன்றும். ஆனால் அவர்களுக்கு ஓ இரத்தம்கூடச் சேராது. முழுமையாகப் பொருத்தம் பார்க்கும்போது சோதனைச்சாலையிலேயே இது பிடிபட்டுவிடும்.

இரத்தம் ஏறி முடிந்ததும் நான்கு அளவுகளும் மீண்டும் எடுக்கப்படுகின்றன. நீர்ப்பளுவும் நுரையீரல் பாதிப்பும் சில மணி நேரம் கழித்தும் வரலாமாகையால் அன்று முழுவதும் நோயாளிமேல் ஒரு கண் இருக்கும். பின்னும் ஒன்று உண்டு. முன்பே இரத்தம் பெற்றவர்களுக்கும் பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மாருக்கும், ஏற்றிய சிவப்பணுக்கள் சில நாட்கள் கழித்து, சில வாரங்கள் கழித்துக்கூட, உடைவதுண்டு. அப்போது அவர்கள் தங்கள் கிராமத்தில் இருப்பார்கள், நர்ஸ் பக்கத்தில் இருக்க மாட்டார். ஆகையால் வீட்டுக்குப் போகிறவரின் கையில் ஒரு சிறு அட்டை கொடுத்தனுப்புவது நல்லது. இரத்தம் ஏற்றிய தேதி, பிரிவு, பை எண் ஆகியவற்றோடு, கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ மறுபடி வெளுத்துக் களைத்தாலோ உடனே வரவேண்டும் என்று அதில் தமிழில் எழுதியிருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு நர்ஸ் அதை வாசித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே அனுப்புவார்.