கோபாசலம் கற்பிக்கும் பாடம்

கோட்டைகளையும் அரண்மனைகளையும் காணச் செல்லும் நாம், பெரும்பாலும் அரசர்களின் ஆற்றலை வியந்து திரும்புகிறோம். வியப்பு மட்டும் கல்வியாகாது. கண்டவற்றுள் நிலையானது எது, நிலையற்றது எது எனப் பகுத்தறிவதே பயணத்தின் பயன். இப்பாடத்தைக் கற்பதற்கு மத்தியப் பிரதேசத்தில் உள்ள குவாலியர் நகரம் மிகவும் ஏற்ற இடமாகும்.

நகரின் நடுவே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமும் 100 மீட்டர் உயரமும் கொண்ட மணற்பாறைக் குன்று ஒன்று எழுந்து நிற்கிறது. அதன்மேல் அமைந்ததே குவாலியர்க் கோட்டை. சமணப் பெருமக்கள் அக்குன்றைக் கோபாசலம் எனப் போற்றுவர்.

ஏறும் வழி

கிழக்குப் புறமாக நடந்து ஏறுதல் நன்று. அடிவாரத்தில் இராணி மிருகநயனிக்கென எழுப்பப்பட்ட கூஜரி மகால் உள்ளது. அது இன்று தொல்பொருள் காட்சியகமாக விளங்குகிறது. இடைவழியில், பாறையில் குடைந்த சிறிய சதுர்புஜர் கோயில் ஒன்று உண்டு. அங்குள்ள கி.பி. 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 270 முழ நீளமும் 187 முழ அகலமும் உடைய நந்தவனம் ஒன்றையும், நாள்தோறும் 50 மாலைகள் அளிப்பதையும் குறிக்கிறது. இவ்வெண்களில் சுழியம் வட்டமாகவே பொறிக்கப்பட்டிருப்பதால் கணித அறிஞர் இதனைப் பெரிதும் மதிக்கின்றனர்.

அரண்மனைகள்

உச்சியில் இருப்பது தோமர மன்னர் மான்சிங் (1486–1516) கட்டிய மான் மந்திர். நீலமும் மஞ்சளும் பச்சையுமான ஓடுகளில் யானைகளும் வாத்துகளும் அணிவகுக்கின்றன. இசையை வளர்த்த அம்மன்னரின் மாளிகைக்கு அடியில் இரண்டு நிலவறைத் தளங்கள் உள்ளன. முகலாயர் காலத்தில் இக்கோட்டை சிறைக்கூடமாயிற்று. ஔரங்கசீப் தம் உடன்பிறந்த முராதை இங்கே சிறைவைத்து, 1661இல் கொல்வித்தார். அரசுரிமை மீதான பற்று உடன்பிறப்பையும் பகையாக்கியது.

குன்றின் கீழே, நகரில், ஜெய் விலாஸ் அரண்மனை உள்ளது. சிந்தியா மரபினர் 1874இல் கட்டி முடித்த அம்மாளிகையின் அரசவை மண்டபத்தில், ஒவ்வொன்றும் பல டன் எடையுள்ள இரண்டு சரவிளக்குகள் தொங்குகின்றன. அவற்றை மாட்டுமுன் கூரையின் வலிமையைச் சோதிக்க யானைகளை மேலே ஏற்றினர் என்பது செவிவழிச் செய்தி.

இறங்கும் வழி

மேற்குப் புறத்தில் உர்வாகிப் பள்ளத்தாக்கு வழியே சாலை இறங்குகிறது. ஊர்தியில் செல்வோர் சில நிமிடங்களில் கடந்துவிடும் இவ்விடத்தில்தான் நாம் நின்று பார்க்க வேண்டும். இருமருங்கும் பாறையிலேயே தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. டுங்கர்சிங், கீர்த்திசிங் ஆகிய தோமர மன்னர்களின் காலத்தில், 15ஆம் நூற்றாண்டில், சிராவகர்களின் கொடையால் இவற்றுள் பெரும்பாலானவை உருவாயின. அபப்பிரம்ச மொழிக் கவிஞர் ரைதூ வாழ்ந்ததும் அக்காலமே. நின்ற கோலத்தில் உள்ள ஆதிநாதர் ஏறத்தாழ 17 மீட்டர் உயரமுடையவர். குன்றின் தென்கிழக்கிலும் இத்தகைய பெருந்தொகுதி ஒன்று உண்டு.

1528இல் இங்கு வந்த பாபர், இவ்வுருவங்களைச் சிதைக்க ஆணையிட்டதைத் தம் நினைவுக் குறிப்பில் தாமே எழுதியுள்ளார். பல முகங்கள் உடைக்கப்பட்டன. பிற்காலத்தில் அடியவர்கள் சிலவற்றைச் சுதையால் சீரமைத்தனர். எஞ்சியவை இன்றும் சிதைந்தே நிற்கின்றன.

நாம் கற்க வேண்டியது

முகமிழந்த அத்திருவுருவத்தின் முன் நிற்கும்போது நம் உள்ளத்தில் எழுவது யாது? துயரம் எழுதல் இயல்பு. அது சினமாக மாறுமாயின், அன்று பாறைமேல் விழுந்த சம்மட்டி இன்று நம் நெஞ்சின்மேல் விழுகிறது எனலாம். காயோத்சர்க்கம் என்பது உடற்பற்றைத் துறந்து நிற்றல். உடல் சிதைந்தும் நிலை குலையாத அவ்வுருவம், அப்பொருளைச் சொல்லின்றி விளக்குகிறது. அரண்மனைகள் பல கைகளுக்கு மாறின. பொறுமையின் கோலம் மாறவில்லை.

நிகழ்ந்ததை மறைத்தல் வேண்டா. வரலாற்றைப் பிள்ளைகளுக்கு உள்ளவாறே உரைப்போம். ஆயினும் பகையைச் சேர்த்து உரையாதிருப்போம். அது எளிதன்று, எனவேதான் அது நோன்பாகிறது.

சிந்தனைக்கு

1. மான் மந்திரின் மேல்தளமும் நிலவறையும் பற்றினைக் குறித்து உணர்த்துவது யாது?
2. சிதைவைக் கண்டு துயருறுதலுக்கும் சினம் கொள்ளுதலுக்கும் உள்ள வேறுபாடு யாது?