மனித உருவ ரோபோ தொகுப்பு: நிறையும் குறையும்

இரு கால்களில் நின்று நடக்கும் எந்திர மனிதனை ஆக்கும் முயற்சி நெடுங்காலமாகப் பெரும் நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களுக்கே உரியதாக இருந்து வந்தது. ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் அசிமோவை வெளியிட்டது. சோனி நிறுவனத்தின் கியூரியோ என்ற சிறிய உருவம் உலகின் கவனத்தை ஈர்த்தபோதிலும், விற்பனைக்கு வராமலேயே 2006-இல் கைவிடப்பட்டது. இவற்றைப் பொதுமக்கள் காட்சிகளில் கண்டு வியக்கலாமேயன்றி, விலை கொடுத்து வாங்க இயலாது.

இந்நிலையை மாற்றியது ஒரு பொழுதுபோக்குப் பொருளாகும். வானொலிக் கட்டுப்பாட்டுப் பொம்மைக் கார்களுக்கான கருவிகளைத் தயாரித்து வந்த கொண்டோ ககாகு என்ற ஜப்பானிய நிறுவனம், 2004-ஆம் ஆண்டில் கே.எச்.ஆர்.-1 என்னும் மனித உருவ ரோபோவை, வாங்குவோர் தாமே பூட்டிக்கொள்ளும் உதிரிப்பாகத் தொகுப்பாக விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் விலை வரி உட்பட 1,26,000 யென். அதற்கு முன்பே, 2002-இல் தொடங்கிய ரோபோ-ஒன் என்னும் இருகால் ரோபோ மற்போட்டிக்காக ஆர்வலர்கள் அலுமினியத் தகட்டைத் தம் கையாலேயே வெட்டி வளைத்து உருவங்களைச் செய்து வந்தனர். அவர்களுடைய உழைப்பு உருவாக்கிய சந்தையையே நிறுவனம் பயன்படுத்திக்கொண்டது எனலாம்.

தொகுப்பின் அமைப்பு

கே.எச்.ஆர்.-1 ஏறத்தாழ 34 செ.மீ. உயரமும் 1.2 கிலோகிராம் எடையும் கொண்டது. மூட்டுக்கு ஒன்றாக 17 செர்வோ மோட்டார்கள் அதில் உள்ளன: தலைக்கு ஒன்று, கைக்கு மும்மூன்று, காலுக்கு ஐந்தைந்து. கட்டளைக்கேற்ற கோணத்திற்குத் திரும்பி, அங்கேயே நிலைத்து நிற்க முயலும் சிறு மோட்டாரே செர்வோ எனப்படும். மோட்டார், பற்சக்கரங்கள், கோணத்தை அளக்கும் உணரி ஆகிய மூன்றும் ஒரே கூட்டினுள் அடங்கியுள்ளன. 12 மோட்டார்கள் வரை இயக்கவல்ல மின்சுற்றுப் பலகைகள் இரண்டு முதுகில் பொருத்தப்படுகின்றன. கணிப்பொறியில் வரிசையாக அமைக்கப்படும் நிலைகளை இப்பலகைகள் நினைவில் கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும்.

இதன் தலையாய சிறப்பு கற்பிக்கும் முறையாகும். மூட்டுகளைத் தளரவிட்டு, கை கால்களைக் கையால் பிடித்து வேண்டிய நிலையில் வைத்தால், அந்நிலையின் கோணங்களைக் கணிப்பொறி படித்துப் பதிந்துகொள்ளும். நிரல் எழுத அறியாத மாணவனும் சிறிது நேரத்திலேயே வணக்கம் சொல்லவோ அமர்ந்து எழவோ ரோபோவைப் பழக்கிவிட முடிகிறது. ஊக்கம் தருவதில் இதற்கு ஈடான பாடநூல் எதுவும் இல்லை. பூட்டும் வேலையும் ஒரு பயிற்சியே. ஒவ்வொரு மோட்டாரின் நடுநிலையையும் சரியாக அமைத்த பின்னரே அதன் கையை முடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டவர்களின் ரோபோ முதல் நாளிலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஏன் சாய்கிறது என்று தேடுவதில் இயந்திரவியலின் அடிப்படை புலனாகிவிடும்.

முறுக்குவிசையின் எல்லை

குறைகளைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்குப் போதுமானது. இத்தொகுப்பின் மோட்டார் தரக்கூடிய உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 8.7 கிலோகிராம்-செ.மீ. ஆகும். ஒற்றைக் காலில் நிற்கும்போது, முழங்காலுக்கு மேலுள்ள எடை, மூட்டிலிருந்து 5 செ.மீ. தள்ளி விழுவதாகக் கொள்வோம். அந்த எடையை ஒரு கிலோகிராம் எனக் கொண்டாலும் 5 கிலோகிராம்-செ.மீ. விசை தேவைப்படுகிறது. உச்ச விசை என்பது மோட்டார் அசைய முடியாது திணறும் நிலையில் கிடைப்பது. அதை நெடுநேரம் கேட்டால் மோட்டார் சூடாகிக் கெடும். எனவே எஞ்சியிருப்பது மிகக் குறுகிய இடைவெளியே. இதன் மேல் 300 கிராம் எடையுள்ள ஒளிப்படக் கருவியையோ சிறு கணிப்பொறியையோ ஏற்றினால், தேவை ஆறரையாக உயர்ந்து, முழங்கால் நடுங்கத் தொடங்கும்.

உருவத்தைப் பெரிதாக்கினால் தீருமா என்ற கேள்வி எழலாம். உயரத்தை இருமடங்காக்கினால் எடை எட்டு மடங்காகிறது. நெம்புகோலின் நீளமும் இருமடங்காவதால் தேவைப்படும் முறுக்குவிசை 16 மடங்காகிறது. எட்டு மடங்கு எடையுள்ள அதே வகை மோட்டாரோ ஏறத்தாழ எட்டு மடங்கு விசையையே தருகிறது. பொழுதுபோக்கு ரோபோக்கள் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டதற்கு இதுவே காரணமாகும்.

இரண்டாவது குறை உணர்வின்மை. அடிப்படைத் தொகுப்பில் சாய்வை அறியும் சுழல்காட்டி சேர்க்கப்படவில்லை. தனியே வாங்க வேண்டியிருந்தது. பதிந்துவைத்த நிலைகளை ரோபோ கண்மூடித்தனமாக நிறைவேற்றுகிறதேயன்றி, தான் விழுந்துகொண்டிருப்பதை அது அறியாது. வழவழப்பான மேசையில் பழக்கிய நடை கம்பளத்தின் மேல் தோற்றுவிடும். மேலும், மனிதக் கால் போன்ற இயக்கத்திற்கு ஆறு மூட்டசைவுகள் தேவை. இங்கு ஐந்தே உள்ளன. இடுப்பில் காலைத் திருப்பும் அசைவு இல்லாததால், பாதத்தைத் தரையில் வழுக்கியே ரோபோ திரும்ப வேண்டியுள்ளது. எத்தனை பாகை திரும்பும் என்பதைத் தரையின் உராய்வே தீர்மானிக்கிறது.

மின்கலம் 600 மில்லி ஆம்பியர்-மணித் திறன் கொண்டது. 17 மோட்டார்களும் சராசரியாக 0.1 ஆம்பியர் வீதம் எடுத்தாலும், இருபது நிமிடங்களில் அது தீர்ந்துபோகும். விழும்போது உடைவன பெரும்பாலும் மோட்டாரினுள் உள்ள செயற்கைப் பிசின் பற்சக்கரங்களே. அவற்றின் விலை சிறிது, கிடைப்பதே அரிது.

பின்வந்த மாற்றங்கள்

இக்குறைகளில் பல பிறரால் களையப்பட்டன. கொரியாவின் ரோபோடிஸ் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட பயோலாய்ட் தொகுப்பில், 18 மோட்டார்களும் ஒரே தொடர் கம்பியில் இணைந்து, தத்தம் கோணம், சுமை, வெப்பம் ஆகியவற்றைத் திருப்பிச் சொல்லும் வகையில் அமைந்தன. அத்துடன், அதே உறுப்புகளைக் கொண்டு நாலுகால் விலங்கையோ வெறும் கையையோ கட்டவும் இயன்றது. கொண்டோ நிறுவனமும் 2006-இலும் 2009-இலும் உயர் மின்னழுத்தத்தில் இயங்கும் புதிய தொகுப்புகளைக் கொணர்ந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் ரோபோடிஸும் சேர்ந்து 2010-இல் அளித்த டார்வின்-ஓ.பி., காலுக்கு ஆறு மூட்டுகளுடன், வரைபடம் முதல் நிரல் வரை அனைத்தும் வெளிப்படையாக அமைந்தது. ஆனால் அதன் விலை பொழுதுபோக்காளரின் கைக்கு எட்டாத உயரத்திற்குச் சென்றது.

முன்னேற்றத்திற்கு மற்றொரு பக்கமும் உண்டு. 6 வோல்ட்டில் இயங்கிய பழைய மோட்டார் புதிய தொகுப்பிற்குப் பொருந்தாது. பழைய பலகை எதிர்பார்த்த தொடர்வழி இணைப்பு இன்றைய கணிப்பொறிகளில் இல்லை. சில ஆண்டுகளுக்குள் தொகுப்பு முழுவதும் பயனற்றுப்போகக்கூடும்.

கொள்முதல் நோக்கில்

இந்தியாவில் 2016-இல் தொடங்கப்பட்ட அடல் புத்தாக்க இயக்கத்தின்கீழ், பள்ளி ஆய்வகங்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் வழங்கப்பட்டு, 10,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் அவை நிறுவப்பட்டுள்ளன. இத்தகைய ஆய்வகத்திற்கு மனித உருவ ரோபோ ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை எழுவது இயல்பே. பார்வையாளர் வரும் நாளில் அது கையசைத்து வரவேற்கும். ஆயினும் அனுமதி வழங்கும் அலுவலர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஓர் உருவத்தில் கட்டுண்ட 17 மோட்டார்களை ஒரு நேரத்தில் ஒரு குழுவே பயன்படுத்த முடியும். அதே 17 மோட்டார்களை இரண்டிரண்டாகப் பிரித்தால், இரு மூட்டுக் கைகள் எட்டு அமையும். எட்டுக் குழுக்கள் ஒரே வேளையில் கோணத்தையும் விசையையும் அளந்து கற்கலாம். உடைந்ததற்கு மாற்றாக ஒரு மோட்டாரும் கையிருப்பில் இருக்கும்.

பிரித்துப் பூட்டக்கூடிய பயோலாய்ட் வகைத் தொகுப்பு இவ்விரண்டுக்கும் இடமளிப்பதால், ஓராண்டு கைகளாகப் பயன்படுத்தி, பின்னர் மூத்த மாணவர்கள் அவற்றை ஒன்றிணைத்து உருவமாக்க வழியுண்டு. எவ்வகையாயினும், மிகக் குறைந்த விலைப்புள்ளி ஒன்றையே கருதி முடிவு செய்வது இங்குப் பொருந்தாது. மாற்று மோட்டார்கள் மூன்று, பற்சக்கரத் தொகுதிகள் பத்து, மின்கலங்கள் இரண்டு, மின்னேற்றி ஒன்று ஆகியவற்றையும், உதிரிப்பாகங்கள் குறைந்தது ஐந்தாண்டுகள் கிடைக்கும் என்ற உறுதியையும் ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளிலேயே சேர்த்து, அவற்றின் விலையையும் கூட்டியே ஒப்பிட வேண்டும்.