கல் எங்கே போகிறது?

அன்று எங்கள் மையத்தில் பாடம் நடக்கவில்லை. பேச்சுதான் நடந்தது.

ஓர் அக்கா கேட்டார்:

“தம்பி, 2029-ல வானத்துல இருந்து பெரிய கல்லு விழப்போகுதாமே! உலகமே அழிஞ்சிடுமாம். செல்போன்ல காட்டினாங்க. குழுவுல கடன் வாங்கி வீட்டுக்குத் தளம் போடலாம்னு இருக்கேன். போடலாமா, வேண்டாமா?”

சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

எனக்கும் பதில் தெரியவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவன், அவ்வளவுதான். “அதெல்லாம் புரளி அக்கா” என்று சொல்லி முடித்திருக்கலாம். செல்போன் சொல்வதை நம்பாதீர்கள், நான் சொல்வதை நம்புங்கள் என்றால் அது பாடமா? ஒரு வாரம் தவணை கேட்டேன். தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கல் இருப்பது உண்மை. அதன் பெயர் அபோஃபிஸ். அது சூரியனைச் சுற்றி வருகிறது. நம் பூமியும் சூரியனைச் சுற்றுகிறது. செவ்வாய், வியாழன் போன்ற கோள்களும் சுற்றுகின்றன. இவற்றோடு லட்சக்கணக்கான கற்களும் சுற்றுகின்றன. இவற்றுக்குச் சிறுகோள்கள் என்று பெயர். இதுவரை 10 லட்சத்துக்கும் மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகின்றன. சில மட்டும் பூமியின் பக்கம் வந்து போகின்றன.

சரி. இவ்வளவு பெரிய வானத்தில் ஒரு கல்லை எப்படி அடையாளம் காண்பது?

ஆறுமீன் கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கார்த்திகை என்றும் சொல்வோம். உங்கள் பாட்டி பார்த்ததும் அதே கூட்டம்தான். அதில் ஒரு மீன்கூட இடம் மாறவில்லை. சிறுகோள் அப்படி இல்லை. தொலைநோக்கியில் பார்த்தால் அதுவும் விண்மீன் போல ஒரு புள்ளிதான். ஆனால் நாளை பார்த்தால் கொஞ்சம் நகர்ந்திருக்கும். பக்கத்து விண்மீன்கள் அப்படியே இருக்கும். இது மட்டும் தள்ளிப் போயிருக்கும்.

முதல் சிறுகோள் அப்படித்தான் அகப்பட்டது.

இத்தாலி நாட்டில் சிசிலி என்று ஒரு தீவு. அங்கே பலெர்மோ நகரில் பியாஸி என்ற பாதிரியார் இருந்தார். அவர் விண்மீன்களுக்கு ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். நம் ஊரில் வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பது போல. ஒவ்வொரு விண்மீனையும் ஒரு முறை அளந்து விடமாட்டார். அடுத்தடுத்த இரவுகளில் மறுபடியும் அளப்பார். 1801 ஜனவரி 1 அன்று இரவு ரிஷப ராசியில் ஒரு சின்னப் புள்ளியைக் குறித்தார். மறுநாள் அளந்தார். இடம் மாறியிருந்தது. தன் அளவில்தான் பிழையோ என்று நினைத்தார். மூன்றாம் நாளும் அளந்தார். இன்னும் நகர்ந்திருந்தது.

பத்து நாள் போல அது ஒரு பக்கம் நகர்ந்தது. பிறகு நின்றது. பிறகு எதிர்ப்பக்கம் திரும்பியது! பஞ்சாங்கத்தில் வக்கிரம் என்று போட்டிருப்பார்களே, அதுதான். கல் உண்மையில் திரும்பவில்லை. நீங்கள் பஸ்ஸில் போகிறீர்கள். பக்கத்துச் சாலையில் ஒருவர் சைக்கிளில் அதே திசையில் போகிறார். பஸ் முந்தும்போது சைக்கிள் பின்னால் போவது போலத் தெரியும் அல்லவா? பூமிதான் நம் பஸ். ஓடும் பஸ்ஸில் இருந்துகொண்டுதான் நாம் வானத்தைப் பார்க்கிறோம்.

பிப்ரவரி 11 வரை பியாஸி அதைப் பார்த்தார். பிறகு நோயில் படுத்துவிட்டார். அந்தக் காலத்தில் கடிதம் போய்ச் சேரவே பல வாரம் ஆகும். மற்றவர்கள் தேடத் தொடங்கியபோது அந்தப் பக்கம் சூரியன் வந்துவிட்டது. பகல் வெளிச்சத்தில் புள்ளி மறைந்துபோயிற்று. பல மாதம் கழித்துச் சூரியன் விலகியது. அதற்குள் கல் எங்கே போயிருக்கும்? யாருக்கும் தெரியவில்லை.

கையில் இருந்தது பியாஸியின் குறிப்பு மட்டும். 41 நாள் கணக்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இருட்டில் வயல் நடுவே ஒரு விளக்கு தெரிகிறது. எந்தத் திசை என்று கை காட்டலாம். எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியுமா? பக்கத்தில் சிம்னி விளக்காகவும் இருக்கலாம். தூரத்தில் பெரிய விளக்காகவும் இருக்கலாம். வானத்துப் புள்ளியும் அப்படித்தான். திசை தெரியும். தூரம் தெரியாது.

ஜெர்மனியில் கவுஸ் என்று ஓர் இளைஞர் இருந்தார். வயது 24. கணக்கில் கெட்டிக்காரர். அவர் அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓர் இரவுக் குறிப்பில் இரண்டு எண்கள் இருக்கும். புள்ளி எவ்வளவு கிழக்கே, எவ்வளவு வடக்கே என்று. மூன்று இரவுக்கு 6 எண்கள். சூரியனைச் சுற்றும் ஒரு பாதையை முழுதாகச் சொல்லவும் 6 எண்கள் போதும். அந்த 6-ல் இருந்து இந்த 6-ஐக் கண்டுபிடிக்க ஒரு வழி செய்தார் கவுஸ். அது சின்னக் கணக்கு இல்லை. எனக்கும் அது முழுதாகப் புரியவில்லை. ஆனால் விடை புரிந்தது: “இந்தத் தேதியில் கல் இந்த இடத்தில் இருக்கும்.” மற்றவர்கள் சொன்ன இடத்திலிருந்து அது வெகுவாகத் தள்ளி இருந்தது.

1801 டிசம்பர் 31 இரவு. சாக் என்பவர் தொலைநோக்கியை அங்கே திருப்பினார். கல் இருந்தது! கன்னி ராசியில். ரிஷபத்தில் தொலைந்தது கன்னியில் கிடைத்தது. அதன் பெயர் சீரிஸ். அகலம் சுமார் 940 கிலோமீட்டர். சூரியனை ஒரு முறை சுற்ற அதற்கு 4 வருடம் 7 மாதம் ஆகிறது. இப்போது அதைக் குறுங்கோள் வகையில் சேர்த்திருக்கிறார்கள்.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. நுங்கம்பாக்கத்தில் அந்தக் காலத்தில் ஒரு வான் ஆய்வுக்கூடம் இருந்தது. 1861-ல் அங்கே போக்சன் என்பவர் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்ட முதல் சிறுகோள் அது. அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர் வைத்தார்கள். பிறகு 1988-ல் காவலூரிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டார்கள். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர்.

இனி அக்காவின் கல்லுக்கு வருவோம்.

2004 ஜூன் மாதம் அமெரிக்காவிலிருந்து அபோஃபிஸைப் பார்த்தார்கள். இரண்டே இரவு. பிறகு பார்க்க முடியவில்லை. டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து மறுபடியும் கண்டார்கள். கணக்குப் போட்டார்கள். 2029 ஏப்ரல் 13 அன்று அது பூமியில் மோதலாம் என்று வந்தது. அதற்கு வாய்ப்பு 37-ல் ஒன்று என்றார்கள்.

மண்ணில் ஒரு வண்டித் தடம். ஒரு முழம்தான் தெரிகிறது. வண்டி கிழக்கூர் போயிற்றா, மேலூர் போயிற்றா? சொல்ல முடியாது. இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். அரை மைல் தடம் தெரிந்தால் அடித்துச் சொல்லலாம். அப்போது அவர்கள் கையில் இருந்தது ஒரு முழத் தடம்.

அந்த வாரம்தான் டிசம்பர் 26 வந்தது. நம் கடற்கரையில் சுனாமி. கல்லைப் பற்றி நினைக்க இங்கே யாருக்கு நேரம்?

அதே நாட்களில் பழைய படங்களைத் தேடினார்கள். 2004 மார்ச் மாதம் எடுத்த படங்களில் அந்தப் புள்ளி இருந்தது. அதுவரை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் படத்தில் தேதியும் நேரமும் இருந்தன. தடம் நீண்டது. 2029-ல் மோதாது என்று தெரிந்தது. பிறகு 2021 மார்ச்சில் ரேடார் வைத்து அளந்தார்கள். இன்னும் 100 ஆண்டுகளுக்கு அந்தக் கல்லால் ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அது பக்கத்தில் வரும். கல்லின் அளவு சுமார் 340 மீட்டர். பூமிக்கு மேலே சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகும். நிலா 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. டி.வி. செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. அவற்றைவிடப் பக்கத்தில் வருகிறது! மிக அருகில் வரும்போது நம் கடிகாரத்தில் ஏப்ரல் 14 அதிகாலை மணி சுமார் 3.15. சித்திரை முதல் நாள். ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெறும் கண்ணாலேயே பார்க்கலாமாம்.

அடுத்த வாரம் அக்காவிடம் இதைச் சொன்னேன். “கல்லுக்குப் பயந்து தளத்தை நிறுத்தாதீங்க அக்கா. வட்டி எவ்வளவுன்னு மட்டும் கேட்டுக்குங்க” என்றேன். இப்போது அவரும் சிரித்தார். “நாமளும் அப்படிக் குறிக்கலாமா தம்பி?” என்றார்.

கல்லைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டும். நிலாவைக் குறிக்க அது வேண்டாம். நிலாவும் விண்மீன்களுக்கு நடுவே நகர்கிறது. நீங்களும் செய்து பாருங்கள். கையை நேராக நீட்டுங்கள். முஷ்டியை மூடுங்கள். அந்த அகலம் ஒரு பிடி. அதற்குக் குறைந்தால் விரல் கணக்கு. தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். தேதி, மணி, இடம் மூன்றையும் எழுதுங்கள். ஒன்று விட்டாலும் குறிப்பு உதவாது.

மாசி மாத வளர்பிறையில் அக்கா எழுதியது இது:

முதல் நாள். இரவு 8 மணி. நிலா ஆறுமீனுக்கு மேற்கே ஒரு பிடி.

இரண்டாம் நாள். இரவு 8 மணி. நிலா ஆறுமீனுக்குக் கிழக்கே இரண்டு விரல்.

மூன்றாம் நாள். இரவு 8 மணி. மேகம். தெரியவில்லை.