வழுக்கும் ரோட்டில் நிற்பது எப்படி?



தலைப்பைப் பார்த்ததும், "பாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிச்சிட்டாரா?" என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. ஆனால் மழைக்காலம் வருகிறது. நம் சபையில் பைக் இல்லாத வீடு குறைவு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் அநேகர். கூட்டங்களுக்கு வேனில் போகிறோம். எனக்கு நேர்ந்த இரண்டு காரியங்களை மறைக்காமல் எழுதுகிறேன். பொறுமையாய் முழுவதும் வாசியுங்கள்.

முதல் சம்பவம்

ஒரு ஐப்பசி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு ஜெபக்கூட்டம் முடித்து இரவு ஒன்பது மணிக்குத் திரும்பினோம். பழைய வேன். நான் ஓட்டினேன். கைக்குழந்தையோடு சேர்த்து ஒன்பது பேர். புறப்படும் முன் எல்லோருமாக ஜெபித்தோம். பல நாள் வெயிலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தூறல். ரோடு நனைந்திருந்தது, அவ்வளவுதான்.

பாதி வழியில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வண்டியின் பின்பக்கம் என்னை விட்டுத் தனியே போனது போல இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அது கேட்கவில்லை. வேன் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையையே பார்த்தபடி ரோட்டோரச் சேற்றில் போய் நின்றது. எதிரே லாரி வரவில்லை. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆராதனை முடிந்ததும், அரசு பஸ்ஸில் டிரைவராயிருந்து ரிட்டயர் ஆன ஒரு அண்ணாச்சி என் கையைப் பிடித்து வேன் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "பாஸ்டரே, சாட்சி சொன்னீங்க, நல்லது. டயரைப் பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன். பின் டயர் இரண்டும் வழுக்கைத்தலை மாதிரி இருந்தன. எனக்குப் பேச்சு வரவில்லை. ஜெபித்துப் புறப்பட்ட நான் டயரைக் குனிந்து பார்க்கவில்லை.

பயிற்சிக்குப் போனேன்

சில மாதம் கழித்து, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி தன் டிரைவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தியது. அங்கே வேலை பார்க்கும் உறவினர் மூலமாக எனக்கும் ஒரு இடம் கிடைத்தது. வண்டி வழுக்கும்போது என்ன செய்வது என்பதற்கென்றே அந்தப் பயிற்சி. வழவழப்பான பெரிய தளத்தில் தண்ணீரைப் பாய்ச்சி, அதில் வண்டியை வேண்டுமென்றே வழுக்க விடுவார்கள்.

இது புதிதல்ல. லண்டனில் 1921-ல் தொடங்கிய சிஸ்விக் பஸ் பணிமனையில், மாடி பஸ் டிரைவர்களை இப்படித்தான் ஈரத்தளத்தில் வழுக்க விட்டுப் பழக்கினார்கள். நம் மாநிலத்தில் ஒரகடத்திலுள்ள மத்திய அரசின் வாகனச் சோதனை மையத்திலும் இப்படிப்பட்ட ஈரத்தளம் உண்டு. அது வண்டிகளைச் சோதிப்பதற்கு.

அங்கே கற்றதை மூன்றாகப் பிரித்துச் சொல்லுகிறேன்.

1. வண்டி ஏன் வழுக்குகிறது?

ஒரு டயர் ரோட்டைத் தொடுகிற இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். நாலு டயருக்கு நாலு உள்ளங்கை. நாம் பிரேக் போடுவதும், திருப்புவதும், வேகம் கூட்டுவதும் எல்லாம் அந்த நாலு உள்ளங்கையின் பிடிமானத்தில்தான். அந்தப் பிடிமானத்துக்கு ஒரு அளவு உண்டு. முழுவதையும் பிரேக்குக்கே செலவழித்துவிட்டால், திருப்புவதற்கு மீதி இராது. சக்கரம் சுழலாமல் இறுகி நின்றால் அது வெறும் ரப்பர் கட்டை. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் போன வழியே இழுத்துக்கொண்டு போகும்.

முதல் தூறல் ஏன் ஆபத்து? நாள்கணக்கில் ரோட்டில் சிந்திய எண்ணெய், டயர்த் தூள், புழுதி எல்லாம் அந்தக் கொஞ்சத் தண்ணீரில் குழைந்து பசையாகிறது. நல்ல மழை ஒரு மணி நேரம் பெய்தால் பெரும்பாலும் கழுவிக்கொண்டு போய்விடும். பலத்த மழையில் வேறொரு ஆபத்து. தேங்கிய தண்ணீரை டயரின் பள்ளங்கள் வெளியே தள்ள வேண்டும். பள்ளம் தேய்ந்திருந்தால், அல்லது வேகம் அதிகமானால், டயர் தண்ணீரின்மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும்.

பயிற்சி கொடுத்தவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். உலர்ந்த நல்ல ரோட்டில் பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம், 40 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 9 மீட்டர், 60-ல் 20 மீட்டர், 80-ல் 36 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நாலு மடங்காகிறது, பாருங்கள். ஈரத்தில் பிடிமானம் பாதியானால் இந்தத் தூரமெல்லாம் இரட்டிப்பு: 18, 40, 72. இதோடு, ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது. 60 வேகத்தில் அந்த ஒரு விநாடியில் மட்டும் 17 மீட்டர் போய்விடுகிறோம். ஆக ஈர ரோட்டில் 60-ல் போகிறவர் நிற்க 57 மீட்டர் வேண்டும். நம்மில் எத்தனை பேர் முன்னே போகிற பஸ்ஸுக்கு அவ்வளவு இடம் விடுகிறோம்?

2. வழுக்கினால் என்ன செய்வது?

பின்பக்கம் விலகினால்: பிரேக்கிலிருந்தும் ஆக்சிலேட்டரிலிருந்தும் காலை எடுங்கள். கிளட்சை மிதியுங்கள். நீங்கள் போக வேண்டிய இடத்தைப் பார்த்து, அந்தப் பக்கமாக ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். வண்டி நேராக வரத் தொடங்கியதும் ஸ்டியரிங்கையும் உடனே நேராக்குங்கள். தாமதித்தால் மறுபக்கம் சுழற்றும். கண் போகிற பக்கம் கை போகும். மரத்தைப் பார்த்தால் மரத்தில் மோதுவோம்.

முன்பக்கம் திரும்ப மறுத்தால்: இன்னும் அதிகமாய்த் திருப்பத்தான் மனம் சொல்லும். திருப்பாதீர்கள். ஆக்சிலேட்டரை மெதுவாய் விட்டு, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால், வேகம் குறையும்போது பிடிமானம் திரும்ப வரும்.

சக்கரம் இறுகினால்: பழைய வண்டியில் பிரேக்கைக் கொஞ்சம் விட்டு, சக்கரம் உருண்டதும் மறுபடி பிடிக்க வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அப்படிச் செய்யக்கூடாது. நன்றாய் அழுத்தி, அழுத்தியபடியே இருக்க வேண்டும். பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது. நாம் திருப்பி ஒதுங்குவதற்கு அது உதவும். ஆனால் மணலிலும் சரளையிலும் நிற்கிற தூரத்தை அது குறைக்காது, சிலவேளை கூடும்.

பைக் ஓட்டும் வாலிபர்களுக்கு: 2019 ஏப்ரல் 1 முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயம். பழைய வண்டியிலும் சின்ன வண்டியிலும் பெரும்பாலும் அது இல்லை. பைக் வழுக்கிய பிறகு காப்பாற்றுவது கடினம். ஆகையால் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக நிற்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சாய்ந்தபடி பிரேக் போடாதீர்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெதுவாய்ப் பிடியுங்கள். மழையில் வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, தண்டவாளம் எல்லாம் சோப்புப் போட்டது போலிருக்கும். தண்டவாளத்தை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும்.

3. இரண்டாம் சம்பவம்

இதைத்தான் இதுவரை சபையில் சொல்லாமலிருந்தேன்.

பயிற்சியில் கடைசி மூன்று முறையும் வேனைச் சுழலாமல் நிறுத்தினேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஊருக்கு வந்து புது டயர் போட்டேன். இரண்டு மாதம் கழித்து, மனைவியோடு சேத்தூர்ப் பக்கம் போய்த் திரும்பும்போது தூறல் விழுந்தது. 70-ல் போனேன். "மழை பெய்யுதே, கொஞ்சம் மெதுவாப் போங்களேன்" என்றாள். "நான் டிரெயினிங் எடுத்தவன், எனக்குத் தெரியும்" என்றேன்.

வயலிலிருந்து ஏறிய டிராக்டர் ரோட்டில் சேற்றை இழுத்து விட்டிருந்தது. வண்டி வழுக்கியது. படித்ததெல்லாம் செய்தேன். பிரேக்கை விட்டேன், ஸ்டியரிங்கைச் சரியாகத் திருப்பினேன், வேன் சுழலவில்லை. ஆனால் நிற்க இடம் போதவில்லை. ஓரமாகப் புல்லுக்கட்டோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு போன ஒரு பெரியவரின் பின் சக்கரத்தில் இடித்தே நின்றது. அவர் விழுந்தார். முழங்கால் சிராய்ப்பும் கையில் வீக்கமுமாகத் தப்பினார். அவரைத் தூக்கி உட்கார வைத்தபோது, "நான் ஓரமாத்தானய்யா வந்தேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சைக்கிளைச் சரிசெய்து கொடுத்தோம். ஆனாலும் பல ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. முதல் தடவை ஒன்றும் தெரியாமல் வழுக்கினேன். இரண்டாம் தடவை எல்லாம் தெரியும் என்று வழுக்கினேன்.

பிறகுதான் ஒரு செய்தியை வாசித்தேன். நார்வே தேசத்தில் வருஷத்தில் பல மாதம் ரோட்டில் பனி உறைந்து கிடக்கும். 1979-ல் அங்கே புது டிரைவர்களுக்கு வழுக்கும் ரோட்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 1988-ல் ஆய்வு செய்து பார்த்தபோது, இளம் ஆண்களிடத்தில் விபத்து குறையவில்லை, கூடியிருந்தது! சுவீடனில் 1996-ல் வெளியான ஒரு ஆய்வில், ஒரு கூட்டத்துக்கு வண்டியைச் சமாளிக்கும் திறமையைக் கற்றுக்கொடுத்தார்கள். மறு கூட்டத்துக்கு, தங்கள் திறமை எவ்வளவு குறைவு என்பதைக் காட்டினார்கள். பின்பு சோதித்தபோது உண்மைத் திறமையில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமில்லை. ஆனால் முதல் கூட்டத்தார் தங்களை அதிகத் திறமைசாலிகளாக எண்ணிக்கொண்டார்கள். அந்தத் தேசங்களில் பயிற்சியின் நோக்கத்தையே பின்னால் மாற்றிக்கொண்டார்கள். "வழுக்கினால் சமாளி" என்பதைவிட, "எவ்வளவு சீக்கிரம் வழுக்கும் என்று உணர்ந்து முன்னமே மெதுவாய்ப் போ" என்று கற்றுக்கொடுக்கிறார்கள்.

தான் உறுதியாய் நிற்கிறதாக நினைக்கிறவன்தான் விழுகிற ஆபத்தில் இருக்கிறான் என்று பவுல் கொரிந்து சபைக்கு எச்சரித்தாரே, அதைப் பல தடவை பிரசங்கித்தவன் நான். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் மறந்துபோனேன்.

அப்படியானால் பயிற்சி வீணா? வீணல்ல. கிடைத்தால் போங்கள், முக்கியமாய் வேன், லாரி ஓட்டுகிற சகோதரர்கள். ஆனால் அங்கே கை தட்டு வாங்கினதை மறந்துவிடுங்கள். முதல் தடவை வண்டி உங்கள் கையை விட்டுப் போனதே, அந்தப் பயத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

நம் ரோட்டுக்குச் சில காரியங்கள்

* வண்டியை எடுக்குமுன் டயரைச் சுற்றிப் பாருங்கள். கார் டயரின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே தீர வேண்டும். காற்றையும் சரிபாருங்கள்.
* முதல் தூறலில் வழக்கமான வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். முன் வண்டிக்கு இரண்டு மடங்கு இடம் விடுங்கள்.
* அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயப்போட்ட சோளம், உளுந்து, வைக்கோல் ஆகியவை மழையில்லாமலே வழுக்கும். அதன்மேல் பிரேக் போடாதீர்கள், திருப்பாதீர்கள். முன்னமே குறைத்து நேராகக் கடந்து போங்கள்.
* டிராக்டர் ஏறுகிற இடம், பஸ் நிற்கிற இடம், மணல் சிந்திய வளைவு, இவை உங்கள் வழியில் எங்கெங்கே என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.
* நம் ரோட்டில் கேரளாவுக்குப் போகும் லாரிகள் இரவெல்லாம் வரும். வழுக்கி அந்தப் பக்கம் போனால் நமக்கு இடமில்லை. ஈரத்தில் ஓவர்டேக் வேண்டாம்.
* கூட்டம் முடியத் தாமதமானால், அந்த நேரத்தை ரோட்டில் பிடிக்கப் பார்க்காதீர்கள். பத்து நிமிஷம் பிந்தி வீடு சேர்ந்தால் போதும்.

சிலர், "கர்த்தர் காப்பாற்றுவார், டயரைப் பார்ப்பது அவிசுவாசம்" என்பார்கள். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னவன் யார், அதை மறுத்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஜெபிக்க முழங்கால்படியிடுகிறோமே, அதே முழங்காலோடு டயரையும் பார்த்துவிட்டு எழுந்தால் என்ன?

வீட்டில் பேசிக்கொள்ள

1. நம் வீட்டு வண்டியின் டயரைக் கடைசியாய் யார், எப்போது பார்த்தது?
2. "மெதுவாப் போங்க" என்று பின்னால் இருப்பவர் சொன்னால், ஓட்டுகிறவர் என்ன பதில் சொல்லுகிறார்?
3. ஓரமாய்ப் போகிறவர்களுக்கு நம் வண்டியால் பயமா, நிம்மதியா?

அந்தப் பெரியவர் இப்போதும் அதே வழியில் புல்லுக்கட்டோடு போகிறார். பார்க்கும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்துக் கை எடுத்துக் கும்பிடுகிறேன். அவரும் தலையசைக்கிறார். இந்த மழைக்காலம் முழுவதும் நீங்களும், உங்களால் மற்றவர்களும் சுகமாய் வீடு சேர கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.