பக்கத்துத் தீவுக்கு ஒரு பெட்டகம்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் வியாபாரம் செய்கிற தமிழர்களுக்கு மாலத்தீவு புதிய ஊர் அல்ல. சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் வந்து மாதக்கணக்கில் வீடெடுத்துத் தங்கும் மாலத்தீவுக் குடும்பங்கள் நம் கடைகளுக்கே வருகின்றன. அவர்களில் ஒருவருடைய மைத்துனர் ஏதோ ஒரு ரிசார்ட்டில் கொள்முதல் பார்ப்பார். மெத்தை, திரைச்சீலை, சீருடை, தரை ஓடு என்று விலை விசாரிப்பார். முதல் ஆர்டர் அப்படித்தான் வரும். ஆர்டரோடு சேர்ந்து, ஆளாளுக்கு ஒரு யோசனையும் வரும்: "பக்கத்துலதானே அண்ணாச்சி, ஒரு முழு கண்டெய்னர் போட்டு விட்ருங்க." யோசனை சொல்கிறவர்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சரக்கு அனுப்பிப் பழகியவர்கள். தீவுக் கணக்கு வேறு.

"கிட்டத்துத் தீவு, அதனால் வாடகை குறைவு"

திருவனந்தபுரத்திலிருந்து மாலே சுமார் 600 கிலோமீட்டர். விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இந்தத் தூரத்தை வைத்துக் கப்பல் வாடகையைக் கணக்குப் போடுவதுதான் முதல் பிழை.

கப்பல் கம்பெனி கிலோமீட்டருக்குக் காசு வாங்குவதில்லை. அந்தக் கப்பல் எத்தனை பெட்டகத்தோடு (கண்டெய்னரோடு) போகிறது, திரும்பும்போது எத்தனை நிறைந்து வருகிறது, துறையில் எத்தனை நாள் காத்துக் கிடக்கிறது என்பதுதான் அதன் கணக்கு. மாலத்தீவு அரிசியிலிருந்து ஆணி வரை வெளியிலிருந்து வாங்கும் நாடு. விற்பதற்கு இருப்பது பெரும்பாலும் மீன், அதிலும் சூரை. ஆகவே நிறைந்து போன பெட்டகங்களில் பெரும்பகுதி வெறுமையாகவே திரும்புகிறது. அந்த வெறும் பயணத்தின் செலவும் போகிறவன் வாடகையில்தான் ஏறும். மாலே வணிகத் துறைமுகத்தில் பெரிய கப்பலை நிறுத்த முடியாது. சிறிய கப்பல்தான் போக வேண்டும். சிறிய கப்பலில் ஒரு பெட்டகத்துக்கு விழும் எண்ணெய்ச் செலவும் ஆள் செலவும் எப்போதுமே கூடுதல். நேர்க் கப்பல் கிடைக்காத வாரத்தில் சரக்கு கொழும்புக்குப் போய், அங்கே இறங்கி, வேறு கப்பல் ஏறும்.

நேர்க் கப்பல் விட்டும் பார்த்திருக்கிறார்கள். 2020 செப்டம்பர் 21 அன்று எம்சிபி லின்ஸ் என்ற கப்பல் தூத்துக்குடியிலிருந்து கிளம்பியது. கொச்சி தொட்டு, மாலத்தீவின் வடக்கில் உள்ள குல்ஹுதுஃபுஷிக்கு 26ஆம் தேதியும் மாலேக்கு 29ஆம் தேதியும் சேர வேண்டும் என்பது அட்டவணை. நேர்ச் சேவைக்கே எட்டு நாள். அந்தக் கப்பலின் கொள்ளளவைக் கவனித்தால் இன்னொரு விஷயம் புரியும்: 20 அடிக் கணக்கில் 200 பெட்டகங்கள், கூடவே 3,000 டன் உதிரிச் சரக்கு. தீவு வணிகம் இன்னமும் பாதி பெட்டகமும் பாதி மூட்டையும்தான். தூத்துக்குடி பழைய துறைமுகத்துத் தோணிகள் இன்றும் கட்டுமானப் பொருளும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய் வருவதும் இதனால்தான். "தோணிக் காலம் முடிந்துவிட்டது" என்று சொல்பவர்கள் அந்தத் துறையை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். தென்மேற்குப் பருவக்காற்றில் மட்டும் அவை ஓடாது. அந்த மாதங்களில் பெட்டகத்துக்கு மவுசு கூடும், வாடகையும் கூடும்.

"விழிஞ்ஞம் வந்தாச்சு, இனி தூத்துக்குடி எதற்கு?"

இந்தப் பேச்சு கழக்கூட்டத்தில் 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ கப்பல் விழிஞ்ஞத்துக்கு வந்த நாளிலிருந்தே ஓடுகிறது. பெருமைப்பட வேண்டிய துறைமுகம்தான், மறுக்கவில்லை. சர்வதேசக் கப்பல் பாதையிலிருந்து சுமார் 10 கடல் மைல், இயற்கையாகவே ஆழமான கடல், முதல் கட்டத்தில் 800 மீட்டர் நீளத் துறை. 2025 மே 2 அன்று பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதமே எம்எஸ்சி ஐரினா வந்து நின்றது. 20 அடிக் கணக்கில் 24,000க்கு மேல் பெட்டகம் ஏற்றும் கப்பல் அது.

ஆனால் அந்தத் துறைமுகம் முதலில் கையில் எடுத்தது மாற்றுச் சரக்கு. ஒரு கப்பலில் வந்த பெட்டகம் முற்றத்தில் இறங்கி, இன்னொரு கப்பலில் ஏறிப் போய்விடும். வாசல் வழியாக லாரியில் வரும் சரக்குக்கு இணைப்புச் சாலை, சுங்க ஏற்பாடு, பெட்டக நிலையம் எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக வர வேண்டியிருந்தது. வாசல் முழுதாகத் திறந்தாலும் மாலே போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அங்கிருந்து மாலேக்குச் சின்னக் கப்பல் எந்த வாரம், எத்தனை நாளுக்கு ஒன்று? ஐரினாவால் மாலேக்குப் போக முடியாது. சின்னக் கப்பலுக்கான பதில் சரியாக இல்லாதவரை, கழக்கூட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் இருக்கும் தூத்துக்குடியும், வடக்கே கிட்டத்தட்ட அதே தூரத்தில் இருக்கும் கொச்சியின் வல்லார்பாடமும்தான் நம் துறைகள்.

இரண்டில் எது என்பதும் நம் விருப்பம் மட்டுமல்ல. அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஆற்று மணல், ஜல்லி ஆகியவற்றை மாலத்தீவுக்கு அனுப்ப இந்தியா ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு அறிவிக்கிறது. 1981ஆம் ஆண்டு வர்த்தக ஒப்பந்தத்தின் வழி வந்த ஏற்பாடு அது. ஏற்றுமதித் தடை இருக்கும் காலத்திலும் இந்த ஒதுக்கீட்டில் சரக்கு போகலாம். 2024 ஏப்ரலில் இதற்கென்று டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) குறித்த நிலையங்கள் நான்கு: முந்த்ரா, தூத்துக்குடி, நவசேவா, துக்ளகாபாத். கேரளத்துத் துறைமுகம் ஒன்றுகூட அதில் இல்லை. இந்தப் பட்டியல் மாறக்கூடியது. ஆகவே ரிசார்ட் கேட்டதே என்று மெத்தையோடு பத்து மூட்டை வெங்காயத்தையும் ஏற்றி லாரியைக் கொச்சிக்கு விடுமுன், சுங்கத் தரகரிடம் அன்றைய பட்டியலைக் கேட்டுவிட வேண்டும்.

"முழு பெட்டகம் என்றால் ரிசார்ட் வாசல் வரை போகும்"

எல்லா நம்பிக்கைகளிலும் அதிகப் பணம் தின்பது இதுதான்.

மாலத்தீவில் 1,190க்கு மேல் தீவுகள். மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. ரிசார்ட்டுகள் வேறு தனித்தனித் தீவுகளில். 20 அடிப் பெட்டகத்தைத் தூக்கி இறக்கும் கிரேன் இவற்றில் மிகச் சில இடங்களில்தான் உண்டு. ஆகவே மாலேயில் சீலை உடைத்து, பெட்டகத்தைக் காலி செய்து, சரக்கைப் படகில் ஏற்றுகிறார்கள். சரக்கு ரிசார்ட்டின் மரப்பாலத்துக்குப் போய்ச் சேரும்போது, அட்டைப்பெட்டி ஒவ்வொன்றும் ஐந்தாறு கை மாறியிருக்கும். அலையில் ஆடும் படகு, மேலே நிற்கிற ஆள், கீழே நிற்கிற ஆள், நடுவில் உங்கள் பீங்கான் வாஷ்பேசின்.

நம் ஊரில் கட்டுப் போடும்போதே இதை நினைத்துக்கொள்ள வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் தூக்கட்டும் என்று 900 கிலோ பேலட்டாகக் கட்டி அனுப்பினால், அந்தப் பக்கம் அதைப் பிரித்துத்தான் படகில் ஏற்றுவார்கள். பிரித்த பிறகு மறுபடி கட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை. ஒருவர் அல்லது இருவர் தூக்கக்கூடிய கட்டு, மழை நனைக்காத உறை, நான்கு பக்கமும் தீவின் பெயரும் கட்டு எண்ணும். ஒரே பெட்டகத்தில் மூன்று தீவுக்குச் சரக்கு என்றால், எந்தத் தீவுப் படகு முதலில் வரும் என்று வாங்குபவரிடம் கேட்டு, அதைக் கதவுப் பக்கம் கடைசியாக அடுக்க வேண்டும். பட்டியலையும் தீவு வாரியாகவே போட வேண்டும். இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்யாததால் மாலேத் துறையில் பாதி சரக்கை வெளியே எடுத்துப் போட்டுத் தேடுவார்கள். இலவச நாட்கள் தீர்ந்தால் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஓடத் தொடங்கும். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மறந்துவிட்டு வியாழன் மாலையில் ஆவணம் அனுப்புகிறவர்களும் உண்டு.

இன்னொன்று. ரிசார்ட் வரவேற்பறைக்கு அழகாக இருக்கும் என்று நாகர்கோவிலிலிருந்து ஒரு பித்தளைப் பிள்ளையாரை வாங்கி அன்பளிப்பாகச் சேர்த்து வைக்க வேண்டாம். வழிபாட்டுச் சிலைகளை மாலத்தீவுச் சுங்கம் அனுமதிப்பதில்லை. மதுவும் பன்றி இறைச்சியும் உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும்.

ஏற்றும் இடத்திலும் ஒரு வார்த்தை. கழக்கூட்டத்தை அடுத்த மேனங்குளத்துச் சந்துகளில் 40 அடி டிரெய்லர் திரும்புமா என்று முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். சுமை தூக்கும் தொழிலாளர்களிடம் கூலியை முந்தின நாளே பேசிவிடுங்கள். வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்கே கேட்கும் நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே முதல் தடை செய்துவிட்டது. ஆனாலும் டிரெய்லரை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு பேரம் பேசினால் தோற்பது சரக்குக்காரர்தான்.

"40 அடியில் இரண்டு மடங்கு ஏறும்"

இடம் இரண்டு மடங்கு, எடை அல்ல. 20 அடியில் சுமார் 33 கன மீட்டர், 40 அடியில் சுமார் 67, உயரம் கூடிய 40 அடியில் 76. மொத்த எடை உச்சவரம்பு இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றேதான், 30,480 கிலோ. 40 அடிப் பெட்டகத்தின் சொந்த எடை கூடுதல் என்பதால், அதில் ஏற்றக்கூடிய சரக்கின் எடை 20 அடியைவிடக் கொஞ்சம் குறைவு. தரை ஓடு, சிமென்ட், அரிசிக்கு 20 அடி. மெத்தை, துணி, கயிற்றுப் பொருளுக்கு 40 அடி. நிறைந்த எடையை நிறுத்துச் சான்று தராமல் 2016 ஜூலை 1 முதல் எந்தக் கப்பலும் பெட்டகத்தை ஏற்றக் கூடாது. தோராயம் செல்லாது.

"இரும்புப் பெட்டி, மழை என்ன செய்யும்?"

மழை உள்ளேயே பெய்யும். ஜூன் மாதக் கேரளத்து ஈரக்காற்றோடு கதவைப் பூட்டுகிறோம். இரவில் கூரை குளிர்ந்ததும் அந்த ஈரம் துளித்துளியாகக் கூரையில் கோத்து, மேல் அடுக்கு அட்டைப்பெட்டிகளில் சொட்டும். கயிற்றுப் பாய்க்குப் பூஞ்சை, முந்திரிக்கு வாடை. ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவது பெரிய செலவு அல்ல. ஏற்றுமுன் ஒருவர் உள்ளே நிற்க, கதவை வெளியிலிருந்து சாத்துங்கள். கூரையில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டகத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

"லட்சத்தீவும் அந்தமானும் இதே கதைதானே?"

இல்லை. அவை உள்நாடு, ஏற்றுமதி ஆவணம் கிடையாது. அந்தமானுக்குச் சென்னையிலிருந்து பெட்டகம் போகிறது. லட்சத்தீவுக்குப் பெட்டகக் கணக்கே பெரும்பாலும் பொருந்தாது. காயலுக்கு வெளியே கப்பல் நிற்க, படகில் இறக்கும் தீவுகள் அவை. அவற்றில் மினிக்காய் நமக்கு மாலேயைவிட அருகில் இருந்தாலும் சரக்கு கொச்சி, பேப்பூர், மங்களூர் வழியாகத்தான் மூட்டையாகப் போகும்.

"சீல் போட்டாச்சு, இன்சூரன்ஸ் வாடகைக்குள்ளேயே இருக்கு"

சீல் உடையாமல் இருந்தால் பெட்டகத்தை யாரும் திறக்கவில்லை என்று பொருள், அவ்வளவுதான். உள்ளே என்ன இருந்தது என்பதற்குக் கப்பல்காரர் பொறுப்பேற்பதில்லை. பில் ஆஃப் லேடிங்கில் 'உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுகிறது' என்றே எழுதுவார். வாடகையில் இன்சூரன்ஸும் இல்லை. சரக்கு போனால் கப்பல்காரர் தரவேண்டிய உச்சத் தொகை, ஒரு கட்டுக்கு 666.67 எஸ்டிஆர் அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது கூடுதலோ அது. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. கட்டுகளின் எண்ணிக்கையை ஆவணத்தில் எழுதாவிட்டால் முழுப் பெட்டகமும் ஒரே கட்டாகக் கருதப்படலாம்.

2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கொச்சிக்கு வெளியே மூழ்கியது. அது விழிஞ்ஞத்திலிருந்துதான் கிளம்பிப் போயிருந்தது. அதில் இருந்தவை 640 பெட்டகங்கள். அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகளைத் திருவனந்தபுரம் கடற்கரைகளில் தன்னார்வலர்கள் நாள்கணக்கில் அள்ளினார்கள். சரக்குக்கு ஒரு கீறலும் விழாமலே செலவு வந்த கதையும் உண்டு. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் சிக்கியபோது, மீட்புச் செலவைச் சரக்குக்காரர்களும் பகிர வேண்டும் என்று கப்பல் உரிமையாளர் அறிவித்தார். ஜாமீன் கொடுக்காதவர் சரக்கை எடுக்க முடியாது. இன்சூரன்ஸ் இருந்தவர்களுக்கு அந்த ஜாமீனைக் கம்பெனி கொடுத்தது.

சிஐஎஃப் விலையில் (சரக்கு விலை, இன்சூரன்ஸ், வாடகை மூன்றும் சேர்ந்தது) விற்றால் விற்பவர் எடுக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்பு, சரக்கு இன்சூரன்ஸின் 'சி' பிரிவு. கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் அது பணம் தரும். ஏற்றி இறக்கும்போது ஒரு கட்டு கை நழுவிக் கடலில் விழுந்தால் தராது. தீவுச் சரக்கு பெரும்பாலும் நழுவுவது அங்கேதான். ஆகவே 'ஏ' பிரிவு கேளுங்கள். அதிலும் கட்டு சரியில்லை என்று தெரிந்தால் இழப்பீடு கிடையாது. பாலிசியில் சேருமிடம் மாலே என்று மட்டும் எழுதியிருந்தால், மாலேயிலிருந்து ரிசார்ட் தீவு வரை படகில் போகும் பகுதி அதில் அடங்குமா என்று கேட்டு, பெட்டகம் கழக்கூட்டத்தை விட்டுக் கிளம்புமுன் தீவின் பெயரையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.